ஜார்ஜ் விட்ஃபீல்டு: ஊர் ஊராகப் போன எழுப்புதல் பிரசங்கியார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைதானத்தில் கூட்டம், பல நாள் முன்பே விளம்பரம், எல்லாச் சபைக்காரரும் கலந்து நிற்கும் ஜனத்திரள், ஒரே ஊரில் தங்காத பிரசங்கியார், தர்ம காரியத்துக்குக் காணிக்கை. எழுப்புதல் கூட்டம், அதாவது ஜனங்களின் பக்தியைத் தட்டி எழுப்பும் கூட்டம், என்றதும் நம் கண்முன் வருகிற இவை எல்லாவற்றையும் 1740ஆம் ஆண்டிலேயே ஒரே மனிதரின் ஊழியத்தில் பார்க்கலாம். அவரைப் பற்றி நம்மிடையே உலவும் கதைகளில் பாதி புகழ்ச்சி, பாதி அரைகுறை. அவருடைய நல்லதையும் கெட்டதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

யார் இந்த ஜார்ஜ் விட்ஃபீல்டு?

இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதி எந்தச் சேகரத்துக்கும் கட்டுப்படாமல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கக் காலனிகள் என்று சுற்றிக்கொண்டே இருந்தார். அட்லாண்டிக் கடலை 13 முறை கடந்தவர். ஏழு முறை அமெரிக்கா போனார், ஆறு முறை திரும்பினார். ஏழாவது பயணத்தில் அங்கேயே இறந்தார். 34 ஆண்டு ஊழியத்தில் ஏறக்குறைய 18,000 பிரசங்கங்கள் செய்தார் என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்கச் சரித்திரத்தில் 'பெரும் எழுப்புதல்' என்று சொல்லப்படும் 1740களின் அலையில் எல்லாக் காலனிகளிலும் தெரிந்த ஒரே முகம் அவருடையதுதான்.

அவர் பிறந்து வளர்ந்த வீடு எப்படிப்பட்டது?

க்ளஸ்டர் நகரத்தில் 'பெல்' என்ற சத்திரம். 1714 டிசம்பர் 16, அன்றைய இங்கிலாந்து நாள்காட்டிப்படி, அங்கே ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். இரண்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா சத்திரத்தை நடத்தினார். சிறு வயதில் வந்த தட்டம்மை ஒரு கண்ணை மாறுகண் ஆக்கிவிட்டது. பின்னாளில் லண்டன் நாடக மேடையில் அந்தக் கண்ணை வைத்தே அவரைக் கிண்டல் செய்தார்கள்.

பள்ளியில் நாடகம் என்றால் அவருக்கு உயிர். ஒத்திகைக்காக வகுப்புக்கு மட்டம் போட்டதைத் தானே எழுதி வைத்திருக்கிறார். குடும்பத்துக்குப் பணக்கஷ்டம் வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு சத்திரத்தில் அறைகளைச் சுத்தம் செய்தார், தரை துடைத்தார், வந்தவர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் ஏழை மாணவர்களுக்கு ஒரு வழி இருப்பது அம்மாவுக்குத் தெரியவந்தது. வசதியான மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்தால் கட்டணம் பெரும்பாலும் இல்லை. 1732இல் பெம்ப்ரோக் கல்லூரியில் அப்படித்தான் சேர்ந்தார். வருகிறவன் பணக்காரனா ஏழையா என்று பாராமல் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் சத்திரத்துக் கூடத்திலேயே அவருக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கூட்டத்தைப் பார்த்து அவர் பயந்ததே இல்லை.

மறுபடியும் பிறத்தல், அதாவது உள்ளம் புதிதாக மாறுவது, அவசியம் என்று வற்புறுத்திப் பிரசங்கித்தவருக்கு அந்த அனுபவம் எப்படி வந்தது?

ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்கள் நடத்திய ஒரு சிறு குழு இருந்தது. ஜெபம், உபவாசம், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பது என்று எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வாழ்ந்தவர்கள். சக மாணவர்கள் அவர்களைக் கேலியாக 'மெதடிஸ்ட்' என்றார்கள். சார்லஸ் இரவல் கொடுத்த ஒரு சிறு புத்தகம் விட்ஃபீல்டைக் கலக்கிவிட்டது. ஆலயத்துக்குப் போவதும் தர்மம் செய்வதும் மட்டுமே பக்தி ஆகாது, ஆத்துமாவில் தேவனுடைய ஜீவன் வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த ஜீவனை உழைத்தே சம்பாதித்துவிடலாம் என்று அவர் முயன்றதுதான் பயங்கரம். மட்டமான சாப்பாடு, கிழிந்த உடை, குளிரில் மரத்தடியில் மணிக்கணக்காக முழங்காலில் ஜெபம். உடம்பு முறிந்து படுத்த படுக்கையானார். 1735இல், அந்த நோய்ப் படுக்கையில், இனி என்னால் முடியாது என்று விட்டுக்கொடுத்த வேளையில்தான் பாரம் இறங்கியது என்று சாட்சி சொல்லியிருக்கிறார். "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்ற யோவான் 3ஆம் அதிகார வசனம் அதன்பின் அவர் வாயை விட்டுப் போகவே இல்லை.

1736 ஜூனில் க்ளஸ்டர் பேராயர் அவரை உதவிகுருவாக அபிஷேகம் செய்தார். சொந்த ஊர் ஆலயத்தில் முதல் பிரசங்கம். அதைக் கேட்டு 15 பேருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேராயரிடம் புகார் போனது. அந்தப் பைத்தியம் அடுத்த ஞாயிறு வரைக்குமாவது தெளியாமல் இருக்கட்டும் என்று பேராயர் சொன்னாராம்.

ஆலயத்தை விட்டு ஏன் வெளியே வந்தார்?

இரண்டு காரணம். முதலாவது, பல குருமார் தங்கள் பிரசங்க மேடையை அவருக்குக் கொடுக்க மறுத்தார்கள். இளைஞர், அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறார், குருமாரையே மனந்திரும்பாதவர்கள் என்கிறார் என்று குற்றச்சாட்டு. இரண்டாவது காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். பக்கத்தில் ஆலயம் இல்லை, பள்ளி இல்லை. முரடர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அவர்களிடம் யார் போவது?

1739 பிப்ரவரி 17, சனிக்கிழமை. குளிர்காலம். ஒரு மேட்டில் ஏறி நின்று பேசத் தொடங்கினார். முதல் நாள் வந்தவர்கள் சுமார் 200 பேர். சில வாரங்களில் அது ஆயிரக்கணக்காகப் பெருகியது. கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளை வாய்க்கால் போல இறங்கியதை அவரே குறித்து வைத்திருக்கிறார். அதே ஆண்டு வசந்தத்தில் ஜான் வெஸ்லியைப் பிரிஸ்டலுக்கு வரவழைத்து வெட்டவெளியில் பிரசங்கிக்க வைத்தவரும் இவர்தான். ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பது கிட்டத்தட்ட பாவம் என்று எண்ணி வளர்ந்தவர் வெஸ்லி. அவருக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

20,000 பேர், 30,000 பேர் என்கிறார்களே, ஒலிபெருக்கி இல்லாமல் இது நடக்குமா?

இதே சந்தேகம் பிலடெல்ஃபியா அச்சாளரும் பிற்காலத்தில் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவருமான பெஞ்சமின் ஃப்ராங்க்லினுக்கும் வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை, அளந்து பார்த்தார். பிலடெல்ஃபியாவில் நீதிமன்றப் படிக்கட்டின் மேல் நின்று விட்ஃபீல்டு பேசிக்கொண்டிருந்தார். ஃப்ராங்க்லின் கூட்டத்தின் கடைசியில் நின்றவர், தெருவோடு ஆற்றுப் பக்கம் பின்வாங்கி நடந்தார். ஆற்றங்கரையை ஒட்டிய தெருவை நெருங்கும்வரை குரல் தெளிவாகக் கேட்டது. அங்கே வேறு சத்தம் குறுக்கிட்டது. அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஓர் அரைவட்டம், ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்குப் போட்டார். 30,000 பேருக்கு மேல் கேட்க முடியும் என்று விடை வந்தது.

இதை வைத்து எல்லா எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஃப்ராங்க்லின் கணக்கிட்டது எத்தனை பேருக்குக் கேட்கும் என்பதை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அல்ல. ஆளுக்கு இரண்டு சதுர அடி என்பது நெருக்கிப் பிடித்த கணக்கும் கூட. 1740இல் பாஸ்டன் பொது மைதானத்தில் அவர் விடைபெற்ற கூட்டத்துக்கு 20,000க்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். அப்போது பாஸ்டனின் மொத்த ஜனத்தொகை சுமார் 17,000தான். சுற்று ஊர்களிலிருந்தும் வந்திருப்பார்கள், சரி. ஆனாலும் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளலாம். குறைத்தாலும் அந்தக் காலத்துக்கு அது மலைப்பான எண்தான்.

கூட்டத்துக்கு வந்த சாதாரண ஜனம் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

நேதன் கோல் என்ற விவசாயி எழுதியிருக்கிறார். கனெக்டிகட் காலனிக்காரர். அதிகம் படித்தவர் இல்லை, எழுத்தில் பிழைகள் நிறைய. ஆனாலும் எழுப்புதல் காலத்தைப் பற்றி இதைவிடக் கண்ணுக்கு நேரே நிற்கும் சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

1740 அக்டோபர் 23, காலை எட்டு ஒன்பது மணி. வயலில் நிற்கிறார். இன்று பத்து மணிக்கு மிடில்டவுனில் விட்ஃபீல்டு பேசுகிறார் என்று ஒருவர் ஓடிவந்து சொல்கிறார். கையிலிருந்த கருவியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி மனைவியைக் கிளம்பச் சொல்கிறார். மேய்ச்சல் நிலத்துக்கு ஓடிக் குதிரையைப் பிடிக்கிறார். 12 மைல் போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பொழுது இருக்கிறது. குதிரைக்கு மூச்சு வாங்கினால் இவர் இறங்கி, மனைவியை மட்டும் சேணத்தில் உட்காரவைத்துக் கூடவே ஓடுகிறார். தனக்கு மூச்சு வாங்கினால் மறுபடி ஏறிக்கொள்கிறார்.

சாலையை நெருங்கும்போது தூரத்தில் மூடுபனி மாதிரி ஏதோ எழும்புகிறது. ஆற்றிலிருந்து வருகிற பனி என்று நினைக்கிறார். கிட்டே போனால் இடி உறுமுவது போலச் சத்தம். குதிரைக் குளம்புகள்! அது பனி இல்லை, புழுதி. அந்தப் புழுதிக்குள் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல், நுரை தள்ள ஓடுகின்றன. ஆட்களின் உடை, தொப்பி எல்லாம் மண்ணாகி ஒரே நிறம். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றின் அக்கரையிலிருந்து படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு விரைகின்றன. 3,000 அல்லது 4,000 பேர் கூடியிருந்தார்கள் என்கிறார். மேடையில் ஒல்லியான ஓர் இளைஞர், அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் துளி அச்சமில்லாமல் நிற்பதைப் பார்த்ததும், பேச்சு தொடங்கும் முன்பே கோலுக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். கோல் நிறுத்தவில்லை. தன் நீதி தன்னை இரட்சிக்காது என்று அன்று உறைத்தது. ஆனால் சமாதானம் உடனே வரவில்லை. தேவன் தன்னைத் தெரிந்துகொண்டாரா என்ற கேள்வியோடு ஏறக்குறைய இரண்டு வருஷம் தூக்கமில்லாமல் தவித்தேன் என்று எழுதுகிறார். பிரசங்கியார் மறுநாளே அடுத்த ஊருக்குக் குதிரை ஏறிவிட்டார். சுற்றித் திரியும் ஊழியத்தின் பெரிய குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன்: எழுப்பிவிட்டவர் ஆறுதல் சொல்ல அங்கே இருப்பதில்லை.

அவருடைய பேச்சில் அப்படி என்ன இருந்தது?

காகிதத்தைப் பார்த்து வாசிக்க மாட்டார். அக்காலத்தில் பல குருமார் எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துவிட்டு இறங்குவார்கள். இவர் வேதாகமத்தின் ஆட்களாகவே மாறிவிடுவார். பேதுரு கசந்து அழுதால் இவரும் அங்கியில் முகம் புதைத்து அழுவார். நாடகத்தை மறுத்துப் பேசிக்கொண்டே நாடகக் கலை முழுவதையும் பிரசங்கத்துக்குள் கொண்டுவந்தவர். புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக், விட்ஃபீல்டைப் போல "ஓ!" என்று ஒரு முறை சொல்ல முடிந்தால் 100 கினி (அக்கால இங்கிலாந்துத் தங்கக்காசு) தருவேன் என்று சொன்னதாக ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது.

ஃப்ராங்க்லின் இன்னொன்றையும் கவனித்தார். புதிதாக எழுதிய பிரசங்கம் எது, பல ஊரில் சொல்லிப் பழகியது எது என்று கேட்டவுடனே தெரிந்துவிடுமாம். திரும்பத் திரும்பச் சொன்னதில் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் சரியாகப் பொருந்தி, விஷயத்தில் அக்கறை இல்லாதவருக்கும் நல்ல இசை கேட்ட மாதிரி இருக்குமாம். உள்ளூர் ஆயருக்கு இந்த வசதி கிடையாது, ஒரே ஜனத்திடம் ஒரே பிரசங்கத்தை எத்தனை தடவை சொல்ல முடியும் என்றும் சொல்கிறார். நியாயமான பேச்சு. ஞாயிறுதோறும் புதிதாகத் தயாரித்து நிற்கிற ஆயரையும், வந்துபோகிற பிரசங்கியாரையும் ஒப்பிட்டுக் குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விளம்பரம் செய்தாரா?

செய்தார், தாராளமாக. முதல் ஆண்டுகளில் வில்லியம் சூவர்டு என்ற பணக்கார நண்பர் கூடவே பயணம் செய்து, எந்த ஊரில் எவ்வளவு கூட்டம், எவ்வளவு காணிக்கை என்று பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். விட்ஃபீல்டு போய் இறங்கும் முன்பே அந்த ஊரில் அவர் பேர் பரவியிருக்கும். நாட்குறிப்பைத் தவணை தவணையாக அச்சிட்டார்கள். பிலடெல்ஃபியாவில் அச்சிட்டவர் ஃப்ராங்க்லின்தான். விட்ஃபீல்டின் உபதேசத்தை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் கடைசிவரை நல்ல நண்பர், நல்ல வியாபாரமும் நடந்தது. சூவர்டு 1740இல் வேல்ஸ் நாட்டில் ஜனக் கும்பலின் கல்லடி பட்டு இறந்துபோனார். மெதடிஸ்ட் இயக்கத்தின் முதல் இரத்தசாட்சி என்று அவரைச் சொல்வார்கள்.

காணிக்கைப் பணம் எங்கே போனது?

பெரும்பகுதி பெதஸ்தா அநாதை இல்லத்துக்கு. ஜார்ஜியா காலனியில் சவன்னா ஊருக்குச் சுமார் பத்து மைலில், 500 ஏக்கர் நிலத்தில் 1740இல் தொடங்கியது. ஜெர்மனியின் ஹாலே ஊரில் ஃப்ராங்கே என்ற குரு நடத்திய அநாதை இல்லம்தான் அவருக்கு முன்மாதிரி. சீகன்பால்கு படித்து வந்த, தரங்கம்பாடி மிஷனைத் தாங்கிய அதே ஹாலே. ஒரே பக்தி ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் தரங்கம்பாடிக்கும் இன்னொன்று சவன்னாவுக்கும் பாய்ந்தது என்று நினைக்க ஆச்சரியமாக இருக்கிறது.

ஜார்ஜியாவில் மரம், இரும்பு, வேலையாள் எதுவும் கிடைக்காது, பிலடெல்ஃபியாவில் கட்டிப் பிள்ளைகளை இங்கே கொண்டுவாருங்கள் என்றார் ஃப்ராங்க்லின். விட்ஃபீல்டு கேட்கவில்லை. அப்படியானால் நான் ஒரு காசும் தர மாட்டேன் என்று முடிவோடு கூட்டத்துக்குப் போனார் ஃப்ராங்க்லின். சட்டைப்பையில் ஒரு கைப்பிடி செம்புக்காசு, மூன்று நான்கு வெள்ளி டாலர், ஐந்து தங்கக்காசு. பிரசங்கம் போகப் போக மனம் இளகிச் செம்பைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இன்னொரு வீச்சில் வெட்கமாகி வெள்ளியையும் தர நினைத்தார். முடிவில் தங்கம் உட்பட எல்லாவற்றையும் தட்டில் கவிழ்த்துவிட்டார். அதே கூட்டத்துக்கு வந்த இன்னொருவர் முன்யோசனையாகப் பையைக் காலி செய்துவிட்டே வீட்டிலிருந்து கிளம்பினார். கடைசியில் அவரும் தாங்க முடியாமல் பக்கத்திலிருந்த ஒரு க்வேக்கரிடம் (எளிய வாழ்வை வலியுறுத்தும் ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) கடன் கேட்டார். வேறு எந்த நேரத்திலும் தருவேன் நண்பரே, இப்போது உமக்குப் புத்தி சரியில்லை போலிருக்கிறது என்று பதில் வந்ததாம்.

விட்ஃபீல்டு பணத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டார் என்று எதிரிகள் எழுதினார்கள். கூடவே பழகிய ஃப்ராங்க்லின், அவர் எல்லா நடத்தையிலும் நேர்மையானவர் என்று உறுதியாகச் சொல்கிறார். கணக்கையும் விட்ஃபீல்டு அச்சிட்டு வெளியிட்டார். கடனில்தான் நெடுங்காலம் தத்தளித்தார்.

அடிமைகளை வைத்திருந்தார் என்பது உண்மையா?

உண்மை. இதைத் தவிர்த்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்வது பொய் சொல்வதற்குச் சமம்.

1740இல் தென் காலனிகளின் அடிமை எஜமானர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் நாய்களைச் சாப்பாட்டு மேசையருகே வைத்துக் கொஞ்சுகிறீர்கள், இவர்களை மிருகத்திலும் கேடாக நடத்துகிறீர்கள் என்று கடுமையாகக் கண்டித்தார். கறுப்பின மக்களுக்கும் அதே ஆத்துமா, அதே பாவம், அதே மீட்பு என்று போதித்தார். பென்சில்வேனியாவில் அவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்க 5,000 ஏக்கர் நிலமும் பேசி முடித்தார். அது நடக்கவில்லை, நிலம் மொராவிய சபையாரிடம் போய்விட்டது. கவனித்துப் படித்தால் அந்தக் கடிதத்திலேயே ஓட்டை இருக்கிறது. கொடுமையைக் கண்டிக்கிறார், அடிமை வைத்திருப்பதே தவறா என்ற கேள்வியை நழுவ விடுகிறார்.

அந்த ஓட்டை பிறகு பெரிதானது. ஜார்ஜியாவில் அப்போது அடிமைமுறைக்குத் தடை. பெதஸ்தா நிலத்தில் வருமானம் வரவில்லை. 1747இல் பக்கத்துத் தென் கரோலினாவில் தோட்டமும் அடிமைகளும் வாங்கி, அந்த வருமானத்தில் அநாதை இல்லத்தை நடத்தினார். ஜார்ஜியாவில் தடையை நீக்க வேண்டும் என்று வாதாடினார். 1751இல் தடை நீங்கியது. வெப்ப நாடுகளில் கறுப்பர் இல்லாமல் விவசாயம் நடக்காது, ஆபிரகாமிடமே விலைக்கு வாங்கிய ஆட்கள் இருந்தார்கள் என்று எழுதினார். அவர் இறக்கும்போது பெதஸ்தாவில் ஏறக்குறைய 50 அடிமைகள். அவர்களை விடுதலை செய்யவில்லை. நிலத்தோடு சேர்த்து, தன் ஊழியத்தை ஆதரித்த இங்கிலாந்துப் பிரபுகுலப் பெண்மணியான ஹண்டிங்டன் சீமாட்டிக்கு உயில் எழுதி வைத்தார்.

அது அந்தக் காலம், எல்லாரும் அப்படித்தான் என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. பென்சில்வேனியா க்வேக்கர்களில் சிலர் அதே காலத்தில் அடிமைமுறையை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜான் வெஸ்லி 1774இல் எதிர்த்து எழுதினார். அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட இன்னொரு தாயின் பிள்ளைகளை விலைக்கு வாங்கலாம் என்று அவர் மனசாட்சி ஒப்புக்கொண்டது. இதற்கு மேல் அதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. சார்ல்ஸ்டனில் அவர் பேச்சைக் கேட்டு மனந்திரும்பிய சுதந்திரக் கறுப்பின இளைஞர் ஜான் மராண்ட் பிற்காலத்தில் பிரசங்கியாரானார். பாஸ்டனில் அடிமையாக இருந்த ஃபில்லிஸ் வீட்லி என்ற பதின்வயதுப் பெண் விட்ஃபீல்டின் மரணத்துக்கு எழுதிய இரங்கற்பாதான் 1770இல் அவளை இரண்டு கரையிலும் அறியவைத்தது. அவர் கொடுத்த செய்தியை அவரைவிட முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்.

வெஸ்லியோடு ஏன் பிரிவு?

இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னரே தெரிந்துகொண்டார் என்பது விட்ஃபீல்டின் நம்பிக்கை. கிருபை எல்லாருக்கும் இலவசம், மனிதன் அதை ஏற்கவோ தள்ளவோ முடியும் என்பது வெஸ்லியின் போதனை. விட்ஃபீல்டு எழுதிய மறுப்புக் கடிதம் ஒன்றை யாரோ அனுமதியில்லாமல் அச்சடித்து, 1741 பிப்ரவரியில் லண்டனில் வெஸ்லியின் கூட்டத்து வாசலிலேயே விநியோகித்தார்கள். விட்ஃபீல்டு இங்கே இருந்தால் என்ன செய்வாரோ அதையே செய்கிறேன் என்று சொல்லி வெஸ்லி எல்லார் முன்பும் அதைக் கிழித்தார். சபையாரும் கிழித்தார்கள். இயக்கம் இரண்டானது, ஆனால் நட்பு ஓரிரு வருஷத்தில் ஒட்டிக்கொண்டது. விட்ஃபீல்டின் விருப்பப்படியே அவருக்கான இரங்கல் பிரசங்கத்தை லண்டனில் செய்தவர் வெஸ்லி.

எதிர்ப்பு எந்த அளவுக்கு இருந்தது?

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் திடலில் 1742இல் திருவிழாக் கூத்தாடிகளின் கூட்டத்துக்கு நடுவிலேயே போய்ப் பேசினார். கல், மண், அழுகிய முட்டை, செத்த பூனைத் துண்டுகள் பறந்து வந்தன. 1744இல் பிளிமத்தில் பார்க்க வந்தவன் போல நடித்த ஒருவன் படுக்கையிலேயே தடியால் அடித்தான். 1757இல் டப்ளினில் கல்லெறிந்து கொல்லவே பார்த்தார்கள், தலை முழுக்க இரத்தத்தோடு தப்பினார்.

படித்தவர்களின் எதிர்ப்பு வேறு மாதிரி. ஹார்வர்டு ஆசிரியர்கள் 1744இல் அவருக்கு எதிராக அறிக்கை வெளியிட்டார்கள். அதில் அவர் பங்கும் உண்டு. ஹார்வர்டு, யேல் கல்லூரிகளின் வெளிச்சம் இருளாகிவிட்டது, ஆயர்களில் பலர் மனந்திரும்பாதவர்கள் என்று 25 வயதில் அச்சில் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பல சபைகள் இரண்டாகப் பிளந்தன. ஓர் ஆயரின் உள்ளத்தை அரை நாளில் எடைபோட எந்தப் பிரசங்கியாருக்கும் உரிமை இல்லை. பிற்பாடு அவசரப்பட்டதை ஒப்புக்கொண்டு எழுதினார். 1764இல் ஹார்வர்டு நூலகம் தீயில் எரிந்தபோது புத்தகங்கள் திரட்டி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். கல்லூரி நன்றி தெரிவித்தது.

குடும்ப வாழ்க்கை?

1741இல் வேல்ஸ் நாட்டில் எலிசபெத் ஜேம்ஸ் என்ற விதவையை மணந்தார். மணமான வாரத்திலும் பிரசங்கப் பயணம் நிற்கவில்லை. 1743இல் ஆண் குழந்தை பிறந்தது. இவன் பெரிய பிரசங்கியாராவான் என்று சபையார் முன்பு அறிவித்தார். நான்காவது மாதம், தகப்பன் பிறந்த அதே பெல் சத்திரத்தில் குழந்தை இறந்தது. தன் மனத்தில் எழுந்த ஆசையைத் தேவனுடைய குரல் என்று எண்ணிவிட்டதாக அவர் அப்போது எழுதினார். அதன்பின் குழந்தை தங்கவில்லை. எலிசபெத் 1768 வரை வாழ்ந்தார். அதில் எத்தனையோ மாதங்கள் தனிமையில். அந்த அம்மாள் என்ன நினைத்தார் என்று யாரும் அதிகம் எழுதி வைக்கவில்லை. பெரிய ஊழியங்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் கொடுத்த விலை கணக்கில் வருவதே இல்லை.

தினமும் அவ்வளவு பேச உடம்பு இடம் கொடுத்ததா?

கொடுக்கவில்லை, அவர் விடவில்லை. காலை நான்கு மணிக்கு எழுவார். 1740 இலையுதிர் காலத்துப் பயணத்துக்கு அவரே எழுதிய கணக்கு இது: 75 நாள், 800 மைலுக்கு மேல், 175 பிரசங்கம், அநாதை இல்லத்துக்கு 700 பவுண்டுக்கு மேல். பிரசங்கம் முடிந்ததும் வாந்தி எடுப்பார், சில சமயம் இரத்தமும் வரும். கடைசி ஆண்டுகளில் ஆஸ்துமா. 1770 செப்டம்பர் 29 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிடரில், ஐயா நீங்கள் பிரசங்கிக்கும் நிலையில் இல்லை, படுக்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்று ஒருவர் சொல்லியும் கேட்காமல் வெட்டவெளியில் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அன்று இரவு நியூபெரிபோர்ட் ஊர் ஆயரின் வீட்டில் தங்கினார். மறுநாள் ஞாயிறு அதிகாலை மூச்சுத் திணறி இறந்தார். வயது 55. அந்த ஊர் ஆலயத்தின் பிரசங்க மேடைக்குக் கீழேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் பெயரில் சபை எதுவும் இருக்கிறதா?

இல்லை. வெஸ்லி சிறு குழுக்கள், தலைவர்கள், விதிமுறைகள் என்று கட்டி எழுப்பினார். மெதடிஸ்ட் சபை நிலைத்தது. விட்ஃபீல்டுக்கு அதில் நாட்டம் இல்லை. என் பெயர் அழிந்து போகட்டும், கிறிஸ்துவின் பெயர் நிலைக்கட்டும் என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. அவரால் எழுப்பப்பட்டவர்கள் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், பாப்டிஸ்ட், வேல்ஸ் மெதடிஸ்ட் என்று பல சபைகளில் கலந்தார்கள். பிலடெல்ஃபியாவில் அவர் பேசுவதற்காக 1740இல் ஜனங்கள் கட்டிய பெரிய மண்டபம் பிற்பாடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தொடக்கக் கட்டடமானது. அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற அவர் சிலையை, அடிமைமுறைக்காக அவர் வாதாடியதைக் காரணமாகச் சொல்லிப் பல்கலைக்கழகம் 2020இல் அகற்றியது.

அவர் பிரசங்கங்கள் இப்போது கிடைக்குமா? எங்கே தொடங்கலாம்?

ஆங்கிலத்தில் எண்பதுக்குள் பிரசங்கங்கள் அச்சில் உண்டு. வாசித்துவிட்டு, இதற்கா இத்தனை ஜனம் ஓடியது என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. குரலும் கண்ணீரும் அச்சில் ஏறாது. மனதுக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கொஞ்சம் பிடிபடும். மறுபிறப்பைப் பற்றி 1737இல் அச்சான பிரசங்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதை எழுதியபோது அவருக்கு 22 வயது. பிரசங்கங்களைவிட அவருடைய கடிதங்கள் எனக்கு நெருக்கமாக இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கப்பலிலும் வழித்தங்கலிலும் அவசரமாக எழுதியவை. 1740 கடிதங்களையும் 1751 கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். அதே கை, அதே பக்தி நடை. அடிமைகளைப் பற்றி வரும்போது மட்டும் இரண்டு வேறு மனிதர்கள் எழுதியது போல இருக்கும்.